கேட்கத் தெரிந்த மாணாக்கன்

நான்முகனைக் குமரக் கடவுள் சிறையிட்ட வரலாறு கந்தபுராணம் கேட்ட நம் ஊர்ச் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. கயிலைக்கு வந்த பிரமதேவன் வாயிலிலே வீற்றிருந்த பெருமானைச் சிறு பிள்ளையென்று எண்ணி வணங்காது சென்றான். பெருமான் அவனை அழைத்து, வேதம் அறிவாயா என்று வினவி, அறிந்ததைச் சொல்லுக என்றார். அவன் பிரணவத்தைச் சொல்லி வேதத்தைத் தொடங்கினான். அவ்வளவிலே நிறுத்தி, முதலிற் சொன்ன அம்மொழிக்குப் பொருள் யாது என்று கேட்க, நான்முகன் திகைத்து நின்றான். பிறகு நடந்தவை தலையிற் குட்டும் சிறைவாசமும்.

இவ்வரலாற்றின் பின்பகுதியை நாம் அத்துணை கவனிப்பதில்லை. நான்முகனைச் சிறைமீட்க வந்த சிவபெருமான், அதே பிரணவத்தின் பொருளைத் தம் மைந்தனிடம் கேட்கிறார். மைந்தன் சொல்லத் தந்தை கேட்டு மகிழ்கிறார். தெரியாதவன் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்தவர் கேட்டார். நான்முகன் அவ்விடத்திலே, "சுவாமி, ஓதியிருக்கிறேன், பொருள் அறியேன், அருள வேண்டும்" என்று சொல்லியிருந்தால் குட்டு விழுந்திருக்குமோ? புராணம் அப்படிச் சொல்லவில்லை. இஃது அடியேனுடைய எண்ணமேயாம்.

நல்ல குரு எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். வாணிவிழா மேடைகளிலே ஆசிரியரின் பெருமை பேசப்படாத ஆண்டில்லை. மாணாக்கனின் பங்கு என்ன என்பது பற்றிய பேச்சு மிகக் குறைவு. பணிவாக இரு, கைகட்டி நில், வாய் பொத்திக் கேள் என்பதோடு அது முடிந்துவிடும். இக்காலத்திலே வங்கிகளிலும் பெரிய கம்பனிகளிலும் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஒரு மூத்தவரை 'மென்ரர்' என்று நியமித்து வழிகாட்டச் செய்கிறார்கள். பெயர் புதிதே தவிர முறை பழையது. மேசன் வேலை பழகும் பெடியனும், நாதஸ்வரம் பழகும் பிள்ளையும், ஐயருடன் நின்று கிரியை பழகும் உபநயனக் குட்டியும் இம்முறையிலேதான் வளர்கிறார்கள். அவர்களில் ஒருவன் தேறுகிறான், ஒருவன் பத்து வருடம் நின்றும் தேறாமற் போகிறான். குறை எல்லாம் குருவிலேதானா?

இதை எழுதும் தகுதி அடியேனுக்கு உண்டென்றால், அது நல்ல மாணாக்கனாக இருந்ததால் வந்ததன்று. கெட்ட மாணாக்கனாகச் சில காலம் இருந்ததால் வந்தது.

1979ஆம் ஆண்டு, எனக்குப் பத்தொன்பது வயது. எமது ஆலயத்திலே புராணத்துக்குப் பயன் சொல்லிவந்த பெரியவர் ஒருவரிடம் தந்தையார் என்னைக் கொண்டுபோய் விட்டார். ஊரிலே அவரைச் சட்டம்பியார் என்பார்கள். வாசிப்பவர் செய்யுளைப் பிரித்துப் பிரித்து இராகத்தோடு படிக்க, சட்டம்பியார் பயன் சொல்லுவார். நான் பக்கத்திலிருந்து கேட்பேன். மாலையிலே அவர் வீட்டுத் திண்ணையிலே அடுத்த நாளுக்குரிய செய்யுள்களைச் சொல்லித் தருவார். ஒவ்வொரு செய்யுள் முடிவிலும், "விளங்கிச்சுதோ, தம்பி?" என்பார். நான் தலையை ஆட்டுவேன்.

பாதி விளங்கியிருக்கும், பாதி விளங்கியிராது. விளங்கவில்லை என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற வெட்கம். அவர் களைத்துப் போயிருக்கிறாரே, திரும்பக் கேட்டாற் சினப்பாரோ என்ற பயம் வேறு. இவை இரண்டையும் சேர்த்து, அதற்குப் பணிவு என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஊராரும் "அடக்கமான பிள்ளை" என்றார்கள். ஆறு மாதம் இப்படியே போயிற்று.

ஒருநாள் சட்டம்பியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அசுர காண்டத்திலே காசிப முனிவர் தம் மைந்தர் மூவருக்கும் உபதேசஞ் செய்யும் பகுதி. "தம்பி சொல்லட்டும்" என்று என்னைக் காட்டினார். முந்தின நாள் நான் தலையாட்டிய செய்யுள்கள். முதலிரண்டையும் கதைத் துணையால் ஒருவாறு ஒப்பேற்றினேன். மூன்றாவதிலே ஒரு சொல்லைத் தலைகீழாகப் பிரித்து, முனிவர் சொன்னதற்கு மாறான கருத்தைச் சபையிலே சொல்லிவிட்டேன். தூணடியிலே இருந்த ஒரு பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர், அறுபது வருடமாகக் கேட்டுப் பழகிய காது, "அப்பிடியில்லை மோனை" என்றார். அதற்கு மேலே எனக்கு நா எழவில்லை.

சட்டம்பியார் ஏசவில்லை. திரும்பி வரும் வழியிலே ஒன்றுதான் கேட்டார். "விளங்கேல்லை எண்டு சொல்லுறதிலை என்ன வெக்கம், தம்பி? நீர் தலையை ஆட்டினா நான் விளங்கிச்சுது எண்டுதானே அடுத்த பாட்டுக்குப் போவன். நீர் சொன்ன பொய்யிலைதானே நான் நடந்தனான்."

பொய் என்று அவர் சொன்னது அன்றைக்குக் கடுமையாகப் பட்டது. இப்போது யோசித்தால் வேறு சொல் அகப்படவில்லை. வைத்தியரிடம் போய் நோவை மறைப்பவனுக்கு வைத்தியர் என்ன செய்ய முடியும்? குரு கொடுப்பவர்தான்; ஆயினும் எங்கே கொடுக்க வேண்டும் என்பதை மாணாக்கனே காட்ட வேண்டியிருக்கிறது. தன் அறியாமை எந்த இடத்திலே தொடங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்டுபவன் பாதி கற்றுவிட்டான்.

நன்னூலிலே பவணந்தி முனிவர் மாணாக்கரை எட்டு உவமைகளால் வகுத்திருக்கிறார். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைப்பட்டவர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போல்வார் கடைப்பட்டவர். பன்னாடையை எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. நெய்யை ஒழுக விட்டுக் குப்பையைப் பிடித்துக்கொள்ளும். ஆசிரியர் ஒரு மணி நேரம் சொன்னதை விட்டுவிட்டு, இடையிலே அவர் சொன்ன பகிடியை மட்டும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிபவனை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். கிளி இடையிலே வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். சொன்னதைச் சொல்வது குற்றமன்று. ஆனால் அது தலையாயதுமன்று.

இவ்வுவமைகளை விட அடியேனுடைய மனத்திலே தைத்தது அதே பகுதியிலே வரும் ஒரு கணக்கு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்பங்கே என்கிறார் பவணந்தியார். உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு காற்பங்கு. மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லுவதால் வருகிறது. 13ஆம் நூற்றாண்டிலே எழுதப்பட்ட இக்கணக்கைப் பார்த்தால், குருவின் காலடியிலே வருடக்கணக்காக இருந்தும் தேறாதவனுடைய கதை விளங்கும். அவன் காற்பங்கோடு நின்றுவிட்டான். நாவலர் பெருமான் காண்டிகையுரை எழுதிய நூல் இது. ஒரு காலத்திலே யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலே மனனஞ் செய்யப்பட்ட நூல். இன்று சோதனைக்குப் படிப்பவர் தவிர மற்றவர் திறப்பதில்லை.

ஆசிரியரின் குணமறிந்து பழக வேண்டும் என்றும் அந்நூல் சொல்லுகிறது. இது முகத்துதி செய்வதன்று. எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு உ.வே. சாமிநாதையரை விடச் சிறந்த உதாரணம் அடியேனுக்குத் தெரியாது.

ஐயர் 1855இலே பிறந்தவர். 1871இலே மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் அக்காலத்திலே தமிழ்நாட்டின் தலைசிறந்த புலவர். ஆயினும் சேர்ந்த புதிதிலே அவரிடம் நெருங்கிப் பேசவே இந்த இளைஞருக்கு வாய்ப்பு அரிதாக இருந்தது. பிள்ளையவர்களுக்கு மரஞ்செடிகளிலே அளவற்ற பிரியம். புதிய வீட்டுத் தோட்டத்திலே வைப்பித்த மரங்கள் தளிர்விட்டிருக்கின்றனவா என்று விடியற்காலையிலே ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவருடைய வழக்கம். இதைக் கவனித்த சாமிநாதையர் அவருக்கு முன்னே எழுந்து, எந்த மரத்திலே எந்தக் கொம்பிலே புதுத் தளிர் வந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டினார். குரு மகிழ்ந்தார், பேச்சு வளர்ந்தது, அந்தக் காலை வேளையே பாடத்துக்குரிய வேளையாயிற்று.

இதைத் தந்திரம் என்று சொல்வாரும் உளர். அடியேன் அப்படி நினைக்கவில்லை. குருவுக்கு எந்த வேளை மனம் மலர்ந்திருக்கும் என்று பார்த்து, அந்த வேளையிலே கேட்கத் தெரிந்திருந்தார். நாமோ, வாத்தியார் சாப்பிட உட்காரும்போது கொப்பியைக் கொண்டுபோய் நீட்டுகிறோம்.

சங்கீதத்திலே வந்தது ஒரு சிக்கல். மாயூரத்திலிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் ஐயர் இசையும் பயின்றுவந்தார். இலக்கண இலக்கியம் கற்பவன் சங்கீதத்திலே இறங்கினாற் கருத்துச் சிதறிவிடும் என்பது பிள்ளையவர்களின் எண்ணம். அதை அறிந்ததும் ஐயர் அப்பயிற்சியை நிறுத்திவிட்டார். குருவின் எண்ணம் சரியா என்று இன்றைக்கு வாதிடலாம். எமக்குப் பண்ணும் தமிழும் சேர்ந்தே வந்தவை. ஆனால் ஒரே வேளையிலே இரண்டு தோணியிலே கால் வைக்க முடியாது என்பதை ஐயர் அறிந்திருந்தார். விட்டது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. அவர் தந்தையார் சங்கீத வித்துவான்.

1876இலே பிள்ளையவர்கள் சிவபதமடைந்தார்கள். அவரிடம் முன்பு கற்ற தியாகராச செட்டியார் தாம் ஓய்வு பெற்றபோது கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவியை 1880இலே சாமிநாதையருக்குக் கிடைக்கச் செய்தார். இனிக் கற்பிப்பவரே தவிரக் கற்பவரல்லர் என்று எவரும் நினைத்திருப்பர். அதே ஆண்டிலே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், நீங்கள் என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று ஐயர் நீண்ட பட்டியல் சொன்னார். இவற்றாலே என்ன பிரயோசனம், பழைய நூல்கள் படித்ததுண்டா என்ற பொருள்படக் கேட்டார் முதலியார். சீவகசிந்தாமணியை ஐயர் படித்திருக்கவில்லை.

பிள்ளையவர்களுடைய மாணாக்கரை, கல்லூரி ஆசிரியரை, ஓர் அரசாங்க உத்தியோகத்தர் இப்படிக் கேட்டால் நம்மிலே எத்தனை பேர் திரும்ப அந்த வீட்டுப் படி ஏறுவோம்? ஐயருக்கும் மனம் நொந்தது. ஆயினும் திரும்பப் போனார். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைப் படிக்கத் தொடங்கினார். சமண நூலாதலின் பல சொற்கள் விளங்கவில்லை. கும்பகோணத்திலே சமணர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்து அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவர்கள் பண்டிதர் பட்டம் பெற்றவர்களல்லர். தம் சமய நூலை வீட்டிலே ஓதிப் பழகியவர்கள். நெற்றி நிறைய விபூதி பூசிய கல்லூரி ஆசிரியர் அவர்கள் முன்னே மாணாக்கராக உட்கார்ந்தார். 1887இலே சீவகசிந்தாமணி அச்சிலே வந்தது. அதன் பின்னர் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று அவர் பதிப்பித்தவற்றை நாடறியும்.

குருவை மறந்தாரா என்றால், அதுவுமில்லை. பிள்ளையவர்கள் மறைந்து 57 ஆண்டுகள் கழிந்தபின், 1933இலே தம் குருவின் சரித்திரத்தை எழுதி வெளியிடத் தொடங்கினார். அப்போது ஐயருக்கு வயது எழுபத்தெட்டு.

சைவ சித்தாந்த மரபிலே இதனினும் வியப்பான ஒன்றுண்டு. அருணந்தி சிவாசாரியார் மெய்கண்டாரின் குலகுரு; சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர். பாலராகிய மெய்கண்டாரைச் சோதிக்கும் எண்ணத்தோடு வந்து, ஆணவத்தின் வடிவம் என்ன என்று வினவினார். மெய்கண்டார் பேசாமல், நின்றுகொண்டிருந்த அவரையே அடி முதல் முடிவரை நோக்கினார். அவ்வளவிலே விளங்கிக்கொண்டு அருணந்தியார் காலில் விழுந்தார். பின்னர் சிவஞான சித்தியார் செய்தார். வயதும் பதவியும் குறுக்கே நிற்கவில்லை. நம்மூரிலே நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருபது வயதுப் பெடியனிடம் கொம்பியூட்டர் கேட்டுப் பழகக் கூசுகிறாரே, அவர் இந்த வரலாற்றை ஒருமுறை கேட்க வேண்டும்.

குருவோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டுமா என்ற கேள்வி இளைஞரிடமிருந்து அடிக்கடி வருகிறது. நாவலர் பெருமான் பார்சிவல் பாதிரியாரிடம் கற்றவர். அவருடைய பாடசாலையிலே கற்பித்தவர். பைபிள் மொழிபெயர்ப்பிலே அவருக்குத் துணைநின்றவர். 1848இலே அவ்வேலையை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடசாலை நடத்தும் ஒழுங்கு, பாலபாடம் அச்சிடும் முறை, மேடையிலே வசனத்தால் விளங்கப் பேசும் பழக்கம் ஆகியவற்றை அங்கே கண்டு கொண்டு, தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். கொள்ள வேண்டியதைக் கொண்டார். பிரிய வேண்டிய இடத்திலே வெளிப்படையாகப் பிரிந்தார். எதிரே தலையாட்டிவிட்டுப் புறத்திலே பரிகசிக்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை.

சட்டம்பியாரிடம் அந்த அவமானத்துக்குப் பிறகு நான் வேறு விதமாகப் போகத் தொடங்கினேன். அடுத்த நாட் செய்யுள்களை முதல் நாளே நானாகப் பிரித்துப் பார்ப்பேன். முட்டுப்பட்ட சொற்களை ஒரு துண்டிலே குறித்துக்கொண்டு போவேன். "இது விளங்கேல்லை ஐயா" என்பதோடு நில்லாமல், "இதை இப்பிடிப் பிரிச்சுப் பார்த்தனான், பிறகு பொருள் ஓடேல்லை" என்று சொல்லப் பழகினேன். இதிலே ஓர் அதிசயம் கண்டேன். கேள்வி கூடினால் அவர் களைப்பார் என்று நான் பயந்தது முழுப் பிழை. கேள்வி கேட்டபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பு ஏழு மணிக்கு முடியும் பாடம் ஒன்பது மணியானது. உள்ளேயிருந்து அவர் மனைவியார் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போவார். அவர் சொன்னதைச் செய்து பார்த்து, செய்ததை மறுநாள் வந்து சொல்லுவேன். பிழை வந்தாலும் சொல்லுவேன். சொன்னதைச் செய்யாமலே அடுத்த யோசனை கேட்டு வருபவனிடம் எந்தக் குருவுக்கும் சலிப்பு வரும்.

ஒருமுறை, சூரபன்மன் பெருமானுடைய பேருருவத்தைக் கண்டு நல்லறிவு பெற்றுத் துதித்தானே, அந்த உருவம் மறைந்ததும் பழையபடி போருக்கு எழுந்தானே, வந்த அறிவு ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டேன். சட்டம்பியார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "வெளிச்சம் முருகன் கொண்டு வந்தது, தம்பி. அவர் எடுத்துக்கொண்டு போக இருட்டுத்தானே. அவன் தன்ரை வீட்டிலை ஒரு விளக்கு ஏத்தேல்லை" என்றார். எந்த உரையிலும் அடியேன் இதைக் கண்டதில்லை. இன்றும் சபையிலே இந்தச் செய்யுள் வரும்போது அவர் சொன்னதைத்தான் சொல்லுகிறேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியது. அந்த மழையையும் அந்த வீதியையும் இம்மலரைப் படிப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சட்டம்பியாரை ஒரு சைக்கிளிலே இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். அவர் நாற்பது வருடமாக எழுதிவைத்த பயன் கொப்பிகள் ஒரு தகரப் பெட்டியிலே வீட்டில் இருந்தன. நாலு நாளிலே திரும்பலாம் என்று எண்ணினோம். தென்மராட்சியிலே ஓர் உறவினர் வீட்டு விறாந்தையிலே மார்கழி மாதம் அவர் கண்மூடினார். அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பெட்டியும் இல்லை.

அவருக்குத் தெரிந்தவற்றிலே இன்று மிஞ்சியிருப்பது நான் கேட்டவை மட்டும். தலையாட்டிக் கழித்த அந்த ஆறு மாதத்திலே முழு உற்பத்தி காண்டமும் போயிற்று. அந்தப் பகுதிக்குப் பயன் சொல்லும் போதெல்லாம் அச்சுப் புத்தகத்தையே பார்க்கிறேன்.

சூரன் நல்ல குரு கிடையாமற் கெட்டவனல்லன். காசிபர் அவனுக்கு அறஞ் சொன்னார்; மார்க்கண்டேயர் வரலாற்றை எடுத்துக் காட்டினார். மாயை செல்வமும் வலிமையுமே வேண்டுமென்றாள். பின்னர் சுக்கிராசாரியார் ஆசைக்கு இசைந்ததையே உபதேசித்தார். சூரன் தனக்கு இனித்ததை எடுத்துக்கொண்டான். தம்பி சிங்கமுகன் இடித்துச் சொன்னபோது ஏசினான். இப்படித்தான் நான் சபையிலே சொல்லிவந்தேன், கடந்த ஆண்டு வரையிலே.

இப்போது என்னிடம் நாலு பிள்ளைகள் வெள்ளிக்கிழமைகளிலே புராணம் பழக வருகிறார்கள். அவர்களுள் ஒருத்தி உயர்தரம் படிக்கிறாள். தலையாட்டவே மாட்டாள். இவ்விடம் வந்ததும் கையை உயர்த்தினாள். "ஐயா, மாயையும் அவைக்குத் தாய்தானே. தேப்பன் ஒண்டு சொல்லுறார், தாய் வேறை ஒண்டு சொல்லுறா. தாய் சொல்லைக் கேட்ட பிள்ளையளிலை என்ன பிழை? யாற்றை சொல்லைக் கேக்கிறது எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?"

பதினாறு வருடம் சட்டம்பியாரோடு இருந்தேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை.

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றேன். மற்ற மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கொப்பியிலே கேள்வியை எழுதி, கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை மாயை உபதேசப் படலத்தை முதலிலிருந்து பிரிக்கத் தொடங்கினோம். இம்முறை வாசிப்பது நான், பயன் சொல்லுவது அவள்.